பிராட்பேண்ட் கவரேஜ் மேப் எவ்வளவு சரி? அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

எந்தப் பகுதிக்கு இன்டர்நெட் மானியம் போக வேண்டும், எங்கே ஃபைபர் இழுக்க வேண்டும் என்பதையெல்லாம் பல நாடுகளில் கவரேஜ் மேப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ‘சேவை உண்டு’ என்று மேப் நிறம் பூசிய வீட்டுக்கு உண்மையில் லைன் வராது என்றால், அந்த வீட்டுக்கு இரட்டை நஷ்டம். இன்டர்நெட்டும் கிடைக்காது, அதைக் கொண்டுவரும் திட்டத்தின் பட்டியலிலும் பெயர் வராது. மேப்பைச் சோதிக்கும் வேலை முக்கியமாவது இதனால்தான்.

பலரும் கேட்பது ஒரே ஒரு எண்: “இந்த மேப் எத்தனை சதவீதம் சரி?” அந்த எண்ணை மட்டும் கொடுத்தால் மோசமான மேப்பும் நல்ல மேப்பாகத் தெரியும். 86 சதவீதம் சரியான ஒரு மேப், சேவை இல்லாத வீடுகளில் பாதிக்கு மேல் மறைத்துவிட முடியும். எப்படி என்று பின்னால் கணக்குப் போட்டே பார்க்கலாம். இரண்டு வகைத் தவறையும் தனித்தனியாக அளக்க வேண்டும். மேப் ‘உண்டு’ என்று சொல்லி உண்மையில் இல்லாவிட்டால் அது ‘தவறான உண்டு’. மேப் ‘இல்லை’ என்று சொல்லி உண்மையில் இருந்தால் ‘தவறான இல்லை’. கடைசி வரை இந்த இரண்டு பெயர்களையே பயன்படுத்துகிறோம்.

1. மேப் என்ன சொல்கிறது என்று முதலில் எழுதி வையுங்கள்

மேப்பைத் திறந்ததும் அளக்கக் கிளம்பிவிடாதீர்கள். அதோடு வரும் விளக்கக் குறிப்பைப் படித்து, கீழ்க்கண்ட கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். மேப்பின் அலகு எது? தனிக் கட்டடமா, ஒரு வட்டாரமா, சதுரக் கட்டமா, அறுகோணமா? ‘சேவை உண்டு’ என்றால் என்ன அர்த்தம்? இப்போதே கனெக்‌ஷன் இருக்கிறதா, கேட்டால் கொடுப்பார்களா, எத்தனை நாளில், கூடுதல் கட்டணம் இல்லாமலா? காட்டும் வேகம் விளம்பரம் செய்த அதிகபட்சமா, வழக்கமாகக் கிடைப்பதா? மொபைல் என்றால் திறந்தவெளியிலா, ஓடும் வண்டிக்குள்ளா, வீட்டுக்குள்ளா? எந்தத் தேதி நிலவரம்?

இதில் பதில் தெரியாத கேள்வி ஒன்று இருந்தாலும், அளந்து முடித்த பிறகு அதை வைத்தே உங்கள் முடிவைத் தள்ளிவிடுவார்கள். அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி வெளியிடும் தேசிய மேப்பை எடுத்துக்கொள்வோம். அதில் வீட்டு இணைப்புக்கு ‘உண்டு’ என்றால், கேட்ட 10 வேலை நாட்களுக்குள், லைன் நீட்டிப்புக்கான கட்டணமோ தாமதமோ இல்லாமல், வழக்கமான முறையில் கனெக்‌ஷன் கொடுக்க முடியும் என்று பொருள். வேகம் என்பது விளம்பரம் செய்த அதிகபட்சம். அப்படியானால் ஒருவர் வீட்டில் ஸ்பீட் டெஸ்ட் குறைவாக வந்தது என்பதற்காக அந்த மேப் தவறு என்று சொல்ல முடியாது. அதே வீட்டுக்கு “மூன்று மாதம் ஆகும், கம்பம் நட தனியாகப் பணம் கட்டுங்கள்” என்று பதில் வந்தால், மேப் தவறுதான்.

தேதியும் அப்படித்தான். எஃப்சிசி மேப்புக்கான தகவல் ஜூன் 30, டிசம்பர் 31 ஆகிய இரு நாட்களின் நிலவரமாகத் திரட்டப்பட்டு, சில மாதங்கள் கழித்து வெளியாகிறது. நீங்கள் சோதிக்கும் நாளுக்கும் மேப்பின் நாளுக்கும் இடையில் புதிய ஃபைபர் வந்திருக்கலாம், ஒரு நிறுவனம் சேவையை நிறுத்தியும் இருக்கலாம். இடையில் மாறியவற்றை மேப்பின் பிழையோடு சேர்க்காமல் தனிக் குறியீட்டில் வையுங்கள்.

அலகைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய பிழைகள் பிறக்கும் இடம் அது. எஃப்சிசியின் பழைய முறையில், ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டாரத்தில் ஒரே ஒரு வீட்டுக்குச் சேவை கொடுக்க முடிந்தாலும் வட்டாரம் முழுவதும் ‘உண்டு’ ஆகிவிடும். நகரத்தில் அந்த வட்டாரம் நான்கு தெருக்களுக்கு நடுவில் அடங்கும். கிராமத்திலோ மைல் கணக்கில் விரியும். தரவு முழுக்க உண்மையாக இருந்தாலும் மேப் பொய் சொல்லும். 2020இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, 2022 நவம்பரில்தான் அங்கே தனித்தனி இடங்களாகக் காட்டும் மேப் வெளியானது. நீங்கள் சோதிக்கும் மேப் வட்டார அளவில் இருந்தால், சோதனையை வீட்டு அளவில் செய்யுங்கள். வட்டாரத்துக்குள் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு முழு வட்டாரமும் சரி என்று குறித்தால், மேப் செய்த அதே தவறை நீங்களும் செய்கிறீர்கள்.

2. அடிப்படைப் பட்டியலைச் சோதியுங்கள்

மேப்பில் புள்ளியாகவே இல்லாத வீடு எந்தச் சோதனையிலும் சிக்காது. அதனால் ‘உண்டா இல்லையா’ என்று பார்ப்பதற்கு முன், இடங்களின் பட்டியல் முழுமையானதா என்று பார்க்க வேண்டும்.

அளக்கும் பகுதியின் மேல் 500 மீட்டர் சதுரக் கட்டம் போட்டு, வீடுகள் இருக்கக்கூடிய கட்டங்களில் 20 முதல் 30 வரை குலுக்கல் முறையில் எடுங்கள். ஒவ்வொன்றிலும் சமீபத்திய செயற்கைக்கோள் படத்தை வைத்தோ, நேரில் போயோ, இன்டர்நெட் தேவைப்படும் கட்டடங்களை எண்ணுங்கள். பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்டவை எத்தனை, வேண்டாமல் சேர்ந்தவை எத்தனை என இரண்டையும் குறியுங்கள். கிடங்கும் மாட்டுக் கொட்டகையும் வீடாகச் சேர்ந்திருக்கும். புதிதாகக் கட்டிய குடியிருப்பு விடுபட்டிருக்கும். 40 வீடுகள் கொண்ட அடுக்குமாடி ஒரே புள்ளியாக இருக்கும். கடைசியாகச் சொன்னது பிழையாக இல்லாமல் மேப்பின் விதியாகவும் இருக்கலாம். அப்படியானால் உங்கள் முடிவையும் ‘கட்டடங்கள்’ என்றுதான் எழுத வேண்டும், ‘குடும்பங்கள்’ என்று எழுதக் கூடாது.

முகவரியை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றும் இடத்தில் பல அளவீடுகள் கெட்டுப்போகின்றன. மாற்றித் தரும் மென்பொருள், முகவரி சரியாகப் புரியாவிட்டால் தெருவின் நடுக்கோட்டிலோ அஞ்சல் குறியீட்டுப் பகுதியின் மையத்திலோ புள்ளியை வைத்துவிடும். அது எந்தத் துல்லியத்தில் வைத்தது என்பதைச் சொல்லும் தகவலையும் கேட்டு வாங்குங்கள். கூரை மேல் விழாத புள்ளிகளைக் கையால் சரிசெய்யுங்கள். தசம இடங்களையும் கவனியுங்கள். 3 தசம இடம் என்றால் பூமத்தியரேகை அருகே சுமார் 111 மீட்டர், 4 என்றால் 11 மீட்டர், 5 என்றால் 1 மீட்டர். தெருவின் ஒரு பக்கம் ஃபைபர் இருந்து மறுபக்கம் இல்லாத இடத்தில் 3 தசமத்தை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

இட எண்களை ஸ்ப்ரெட்ஷீட்டில் எண்ணாக வைக்காமல் எழுத்தாக வையுங்கள். எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும், 15 இலக்கத்துக்கு மேல் உள்ளவை சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். பரப்பளவு கணக்கிடுவதாக இருந்தால், இணையத்தில் மேப் காட்டப் பயன்படும் மெர்கேட்டர் வடிவத்திலேயே கணக்கிடாதீர்கள். 60 டிகிரி அட்சரேகையில் அது பரப்பை 4 மடங்காகக் காட்டும். சம பரப்பு வடிவத்துக்கு மாற்றிய பிறகே சதுர கிலோமீட்டர் எழுதுங்கள்.

3. எத்தனை இடங்கள், எந்த இடங்கள்

புகார் வந்த இடங்களை மட்டும் போய்ப் பார்த்தால் மேப் முழுக்கத் தவறு என்று தோன்றும். சேவை நிறுவனம் காட்டும் இடங்களை மட்டும் பார்த்தால் முழுக்கச் சரி என்று தோன்றும். இரண்டும் வேண்டாம், குலுக்கல்தான் வழி.

பட்டியலை மேப் ‘உண்டு’ சொல்லும் இடங்கள், ‘இல்லை’ சொல்லும் இடங்கள் என இரண்டு அடுக்காகப் பிரியுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் தனியாகக் குலுக்குங்கள். 95 சதவீத நம்பிக்கையோடு, கூடக்குறைய 5 சதவீதப் புள்ளிக்குள் விடை வேண்டுமென்றால் ஒரு அடுக்குக்கு 385 இடங்கள் போதும், பட்டியல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. ‘இல்லை’ அடுக்கில் பிழை குறைவாக இருக்கும் என்று தெரிந்தால் 200 இடங்களோடு நிறுத்தலாம். ஃபைபர், கேபிள், தொலைபேசிக் கம்பி, கம்பியில்லா இணைப்பு என ஒவ்வொன்றுக்கும் தனி விடை வேண்டுமென்றால், ஒவ்வொன்றும் தனி அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணிக்கை.

சேவை எல்லையின் இரு பக்கமும் 500 மீட்டர் பட்டையில் பிழை குவிந்திருக்கும். அங்கே அதிக இடங்கள் எடுப்பது நல்லது, ஆனால் கடைசிக் கணக்கில் எடை போட்டு, அதாவது அந்தப் பட்டைக்கு அதன் உண்மையான பங்கை மட்டுமே கொடுத்து, சரிசெய்தாக வேண்டும்.

செலவு குறையும் என்று ஒரே தெருவில் 10 வீடு எடுத்தால் என்ன ஆகும்? ஒரு தெருவில் லைன் இல்லாவிட்டால் பத்து வீட்டுக்கும் இருக்காது. பத்தும் கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் சொல்லும். மாதிரியின் பலம் எத்தனை மடங்கு குறைகிறது என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு: 1 + (கொத்தின் அளவு − 1) × உள் ஒற்றுமை. கொத்து என்பது இப்படி ஒன்றாக எடுத்த வீடுகள். உள் ஒற்றுமை என்பது அவற்றின் பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு. உள் ஒற்றுமை 0.3 என்று வைத்தால் 1 + 9 × 0.3 = 3.7. நீங்கள் பார்த்த 400 வீட்டின் பலம் 400 ÷ 3.7, அதாவது 108 வீடுதான். கொத்தாக எடுப்பதில் தவறில்லை, ஆனால் பிழை வரம்பைக் கொத்துக்குத் தகுந்தபடி அகலமாக்க வேண்டும்.

குலுக்கிய வீட்டில் ஆள் இல்லை, நாய் குரைக்கிறது, பாதை சரியில்லை என்று பக்கத்து வீட்டுக்கு மாறக் கூடாது. போகச் சிரமமான இடங்களில்தான் மேப்பும் அதிகம் தவறுகிறது. மாற்று இடங்களையும் முன்பே குலுக்கி வரிசையாக வையுங்கள். குலுக்கலுக்குக் கொடுத்த தொடக்க எண்ணைக் குறித்து வைத்தால், வேறொருவர் அதே பட்டியலை மறுபடி எடுத்துச் சரிபார்க்க முடியும்.

4. வீட்டு இணைப்பு: ‘உண்டு’ என்பதை எப்படி உறுதிசெய்வது

சான்றுகள் எல்லாம் ஒரே பலம் கொண்டவை அல்ல. கீழிருந்து மேலே ஏறுங்கள்.

முதலில் சேவை நிறுவனத்தின் தளத்தில் முகவரி போட்டுப் பாருங்கள். “உண்டு”, “இல்லை”, “முகவரி கிடைக்கவில்லை”, “உங்களைத் தொடர்புகொள்கிறோம்”, “இந்த முகவரியில் ஏற்கனவே வாடிக்கையாளர் இருக்கிறார்” என ஐந்து வகைப் பதில் வரும். முகவரி கிடைக்கவில்லை என்பதை ‘இல்லை’ என்று எண்ணுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. தெருப் பெயரைச் சுருக்கியும் விரித்தும் போட்டுப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் ‘முடிவாகவில்லை’ என்று குறித்து அடுத்த படிக்குப் போங்கள். ஒவ்வொரு பதிலையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இன்னொன்று: பல நிறுவனங்களில் தளமும் மேப்பும் ஒரே டேட்டாபேஸில் இருந்து வருகின்றன. இரண்டும் ஒத்துப்போனால் அது சுதந்திரமான சான்று ஆகாது. ஒத்துப்போகாவிட்டால் அது பெரிய தடயம்.

அடுத்தது தொலைபேசி. யார் பேசினாலும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும். இன்று பதிவு செய்தால் எந்தத் தேதியில் கொடுப்பீர்கள்? எந்த வேகம்? வழக்கமான இன்ஸ்டலேஷன் கட்டணம் தவிர வேறு ஏதும் உண்டா? இரண்டு வெவ்வேறு நாளில், இரண்டு பேரிடம் கேளுங்கள். பதில்கள் முரண்பட்டால் நேரில் போங்கள்.

நேரில் பார்க்கும்போது ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. கம்பத்தில் ஃபைபர் ஓடுகிறது என்பதற்காக வீட்டுக்குச் சேவை உண்டு என்று எழுதிவிடாதீர்கள். அது ஒரு ஊரில் இருந்து இன்னொரு ஊருக்குப் போகும் மெயின் லைனாக இருக்கலாம். வீட்டுக்கு லைன் பிரிய வேண்டுமானால் அருகில் பிரிப்புப் பெட்டி இருக்க வேண்டும், அதில் காலி போர்ட் இருக்க வேண்டும், பெட்டியில் இருந்து வீடு வரை இழுக்க வழி இருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் கம்பத்தில் சுருட்டிக் கட்டிய உபரி கேபிள் தெரியும். அதையும் பெட்டியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெட்டியில் இருந்து வீடுகளை நோக்கி மெல்லிய கேபிள்கள் பிரிந்துபோகும். பக்கத்து வீடுகளுக்கு அப்படிப் போயிருந்தால் நல்ல அடையாளம். கம்பத்தில் ஏறவோ பெட்டியைத் திறக்கவோ கூடாது. சாலையில் இருந்து ஒரு படம், அதனோடு ஜிபிஎஸ் இடம், அவ்வளவு போதும்.

தொலைபேசிக் கம்பி வழி இணைப்பில் தூரம்தான் எல்லாம். விடிஎஸ்எல் எனப்படும் அதிவேகத் தொலைபேசிக் கம்பி வகையில் தெருப் பெட்டியில் இருந்து கம்பி ஒரு கிலோமீட்டரைத் தாண்டினால் வேகம் செங்குத்தாக விழும். கம்பி போகும் வழியை அளக்க வேண்டும், நேர்க்கோட்டுத் தூரத்தை அல்ல. கம்பியில்லா இணைப்பில் டவருக்கும் வீட்டுக்கும் நடுவில் மரமோ மேடோ இருந்தால், மேப் போட்ட வட்டத்துக்குள் இருந்தும் பயன் இல்லை. இலையுதிர் காலத்தில் வேலை செய்தது இலை துளிர்த்ததும் நின்றுபோவதும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலான சான்று, வீட்டுக்காரர் தாமே விரும்பிக் கொடுக்கும் உண்மையான ஆர்டரும் அதற்கு வரும் எழுத்துப்பூர்வப் பதிலும்தான். சோதனைக்காகப் பொய் ஆர்டர் போடாதீர்கள். எல்லா இடத்துக்கும் இந்தப் படி வரை போக முடியாது, முரண்பட்ட இடங்களுக்காவது போங்கள்.

5. வேகத்தை அளப்பது தனி வேலை

சேவை உண்டா என்பதும் வேகம் வருகிறதா என்பதும் வேறு வேறு கேள்விகள். ஸ்பீட் டெஸ்ட் முடிவுகளைக் கொட்டிச் சேர்த்து மேப்பைச் சோதிக்கப் புறப்படுவோர் இதைத்தான் மறக்கிறார்கள். வீட்டில் இன்டர்நெட் இல்லாதவர் வீட்டு இணைப்பில் டெஸ்ட் எடுக்கவே மாட்டார். மலிவான பிளான் வாங்கியவரின் குறைந்த வேகம், அங்கே அதிக வேகம் கிடைக்காது என்பதற்குச் சான்று அல்ல. மக்கள் எடுத்த டெஸ்ட்கள் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டும், தீர்ப்பு சொல்லாது. அவற்றில் இடத்தை ஐபி முகவரியை வைத்து ஊகித்திருந்தால் ஊரே மாறியிருக்கும்.

நீங்களே அளக்கும்போது வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரில் நேரடியாக லேன் கேபிள் செருகுங்கள். விபிஎன் அணைத்திருக்க வேண்டும், வீட்டில் வேறு யாரும் வீடியோ பார்க்கக் கூடாது. பிளானின் பெயரும் வேகமும் பில்லில் இருந்து குறிக்கப்பட வேண்டும். லேன் போர்ட்டின் வேகத்தையும் கட்டாயம் பாருங்கள். பழைய லேப்டாப், பழைய ரவுட்டர், உள்ளே ஒரு இழை அறுந்த கேபிள், இவற்றில் எது இருந்தாலும் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்கும். அந்த நிலையில், டேட்டாவோடு சேர்ந்து போகும் முகவரி போன்ற தலைப்புத் தகவல்கள் போக, டெஸ்டில் அதிகபட்சம் சுமார் 94தான் காட்டும். மேப் சொல்லும் வரம்பு 100 என்றால், நல்ல லைன்கள் எல்லாம் ‘தோல்வி’ ஆகிவிடும். முடிவுகள் 93, 94, 94 என்று ஒரே இடத்தில் குவிந்தால் லைனைச் சந்தேகிக்காதீர்கள், போர்ட்டைப் பாருங்கள்.

எந்த டெஸ்ட் என்பதும் எண்ணை மாற்றும். எம்-லேப் அமைப்பின் என்டிடி டெஸ்ட், ஒரே ஒரு டிசிபி இணைப்பில், அதாவது டேட்டா போகும் ஒரே தடத்தில் அளக்கிறது. ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் வழக்கமாகப் பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறக்கிறது. லேட்டன்சி (டேட்டா போய்வரும் தாமதம்) அதிகமான அல்லது பாக்கெட் (டேட்டா துண்டு) தொலையும் லைனில் முதலாவது குறைவாகக் காட்டும். இரண்டும் பொய் அல்ல, வெவ்வேறு விஷயங்களை அளக்கின்றன. ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை அதையே வையுங்கள், அறிக்கையில் பெயரைச் சொல்லுங்கள்.

ஒரு முறை எடுத்தால் போதாது. மாலை 7 முதல் 11 வரையிலான நெரிசல் நேரத்தில் சில நாட்கள், மற்ற நேரத்தில் சில முறை எடுங்கள். சராசரிக்குப் பதில் நடு எண்ணை, அதாவது முடிவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ்ஸில் 10 வினாடி டெஸ்ட் 125 எம்பி டேட்டாவை விழுங்கும். டேட்டா வரம்புள்ள வீட்டில் தானியங்கி டெஸ்ட் வைப்பதற்கு முன் இதைச் சொல்லி அனுமதி வாங்குங்கள்.

6. மொபைல் மேப்

மொபைல் மேப் பெரும்பாலும் நேரில் அளந்து போட்டதல்ல. டவர் இடம், ஆன்டெனா, நில மேடுபள்ளம், கட்டடங்கள் ஆகியவற்றை வைத்துக் கணினி போடும் கணிப்பு. அந்தக் கணிப்பிலேயே நிகழ்தகவு இருக்கிறது. எஃப்சிசி 4ஜி எல்டிஇக்குக் கேட்பது: டவுன்லோட் 5, அப்லோட் 1 எம்பிபிஎஸ், சிக்னல் எல்லையில் 90 சதவீத நிகழ்தகவு, டவரில் 50 சதவீதச் சுமை. அதாவது எல்லையில் பத்துக்கு ஒரு டெஸ்ட் தோற்றாலும் மேப் சரிதான். ஒரே தோல்வியை வைத்து மேப் பொய் என்று எழுத முடியாது.

எத்தனை தோல்வி என்றால் தவறு? 90 சதவீத வெற்றி என்பது உண்மையானால், 20 டெஸ்டில் 5 அல்லது அதற்கு மேல் தோல்வி வர 4 சதவீத வாய்ப்புதான் உண்டு. 10 டெஸ்டில் 4 அல்லது அதற்கு மேல் தோற்க 1 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வாய்ப்பு. இந்த எல்லைகளைக் கடந்தால் மேப்பின் கூற்றைத் தைரியமாக மறுக்கலாம். ஆனால் அந்த 20 டெஸ்டையும் ஒரே இடத்தில் அரை மணியில் எடுத்தால் மறுபடி கொத்துப் பிரச்சினைதான். நேரத்தையும் இடத்தையும் பரப்புங்கள்.

போன்கள் ஒரே மாடலாக இருக்கட்டும், பேட்டரி சேமிப்பு அணைந்திருக்கட்டும். சிம்மின் டேட்டா வரம்பு தீர்ந்து வேகம் தானாகக் குறைந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். ஒவ்வொரு டெஸ்டுடனும் ஆர்எஸ்ஆர்பி எனப்படும் சிக்னல் அளவு, செல் எண், நெட்வொர்க் பெயர், ஜிபிஎஸ் துல்லியம் ஆகியவை பதிவாக வேண்டும். நெட்வொர்க் பெயர் எதற்கு? போன் ரோமிங்கில் வேறு நிறுவனத்தின் டவரில் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த வெற்றி நீங்கள் சோதிக்கும் நிறுவனத்தின் கணக்கில் வரக் கூடாது.

வண்டியில் போய் அளந்தால் வேகத்தைக் கணக்கில் எடுங்கள். 72 கிலோமீட்டர் வேகத்தில் 10 வினாடி டெஸ்ட் 200 மீட்டரைக் கடந்துவிடும். மேப் பயன்படுத்துவது எச்3 எனப்படும் அறுகோணக் கட்ட முறையின் 9ஆம் நிலை என்றால், ஒரு அறுகோணத்தின் பக்கம் சராசரியாகச் சுமார் 200 மீட்டர்தான். டெஸ்ட் ஒரு கட்டத்தில் தொடங்கி அடுத்ததில் முடியும், யார் கணக்கில் எழுதுவது? 30 கிலோமீட்டர் வேகத்துக்குள் போங்கள், அல்லது பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி அளங்கள். போனை ஒரு ஆள் பார்க்க வேண்டும், ஓட்டுபவர் அல்ல.

சிக்னலே இல்லாத இடத்தில் பல ஆப்கள் டெஸ்டைத் தொடங்காமல் விட்டுவிடும், பதிவும் இருக்காது. விளைவு, மிக மோசமான இடங்கள் தரவில் இருந்தே காணாமல் போகும், மேப் அழகாகத் தெரியும். தோற்ற முயற்சியும் நேரத்தோடும் இடத்தோடும் பதிவாகிறதா என்று கிளம்புவதற்கு முன் ஏரோபிளேன் மோடில் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். இதைச் செய்யாத மொபைல் அளவீட்டை நம்புவது கடினம்.

முடிவுகளைப் பிரிக்கும்போது சிக்னலையும் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி −120 டிபிஎம், வேகமும் இல்லை என்றால் கணிப்பு தவறு. −85 டிபிஎம் என்று சிக்னல் நன்றாக இருந்து வேகம் 1 எம்பிபிஎஸ் என்றால் கவரேஜ் இருக்கிறது, டவரில் நெரிசல் அல்லது டவருக்குப் பின்னால் உள்ள லைன் போதவில்லை. இரண்டும் மக்களுக்குச் சிரமமே, ஆனால் திருத்த வேண்டிய இடம் வேறு.

இந்தச் சோதனை எவ்வளவு தேவை என்பதற்கு 2019 டிசம்பரில் எஃப்சிசி ஊழியர்கள் வெளியிட்ட அறிக்கையே சாட்சி. 12 மாநிலங்களில் கிட்டத்தட்ட 10,000 மைல் ஓட்டி எடுத்த சோதனையில், நிறுவனங்களின் மேப் சொன்ன குறைந்தபட்ச டவுன்லோட் வேகம் 62.3 சதவீத டெஸ்டில்தான் வந்தது.

7. கணக்கு

ஒரு பகுதியில் 20,000 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். மேப் 18,000 இடத்துக்கு ‘உண்டு’, 2,000 இடத்துக்கு ‘இல்லை’ என்கிறது. ‘உண்டு’ அடுக்கில் 400 பார்த்தோம், 60 தவறு. ‘இல்லை’ அடுக்கில் 200 பார்த்தோம், 10 தவறு.

தவறான உண்டு: 60 ÷ 400 = 15 சதவீதம். 18,000இல் 2,700 இடங்கள்.
தவறான இல்லை: 10 ÷ 200 = 5 சதவீதம். 2,000இல் 100 இடங்கள்.
மொத்தத் துல்லியம்: (20,000 − 2,800) ÷ 20,000 = 86 சதவீதம்.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். உண்மையில் சேவை இல்லாத இடங்கள் எத்தனை? 2,700 + 1,900 = 4,600. அதில் மேப் ‘இல்லை’ என்று ஒத்துக்கொண்டது 1,900, அதாவது 41.3 சதவீதம். மீதி 58.7 சதவீத வீடுகள் மேப்பில் சேவை பெற்றவையாக நிற்கின்றன. மேப் சொன்ன சேவை அளவு 90 சதவீதம், உண்மை 77 சதவீதம். மானியத்துக்கு மேப் பயன்படுகிறது என்றால், அறிக்கையின் முதல் வரியில் வர வேண்டிய எண் 41.3, 86 அல்ல.

எடை போடாமல் 600 இடத்தையும் ஒன்றாகக் கூட்டினால் 530 ÷ 600 = 88.3 சதவீதம் வரும். அது இந்தப் பகுதியின் எண் அல்ல, உங்கள் மாதிரியின் எண் மட்டுமே.

பிழை வரம்புக்கு வில்சன் முறை என்ற புள்ளியியல் சூத்திரம் நல்லது, சிறிய சதவீதங்களிலும் அது தடுமாறாது. மேலே உள்ள 15 சதவீதத்துக்கு வரம்பு 11.8 முதல் 18.8 வரை. இடங்களாகச் சொன்னால் சுமார் 2,130 முதல் 3,390. ஒரு அடுக்கில் ஒரு தவறுகூடக் கிடைக்காவிட்டால் ‘பிழை பூஜ்யம்’ என்று எழுதாதீர்கள். 3-ஐ மாதிரி எண்ணிக்கையால் வகுத்தால் மேல் வரம்பு கிடைக்கும். 200 பார்த்து ஒன்றும் சிக்காவிட்டால் பிழை 1.5 சதவீதம் வரை இருக்கலாம்.

முடிவாகாதவற்றைத் தூக்கி எறியாதீர்கள். ‘உண்டு’ அடுக்கில் 440 குலுக்கி 40 முடிவாகாமல் போனால், அவை எல்லாம் சரி என்று வைத்து 60 ÷ 440 = 13.6 சதவீதம், எல்லாம் தவறு என்று வைத்து 100 ÷ 440 = 22.7 சதவீதம். இரண்டையும் எழுதுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் கள வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

8. பிழை எங்கிருந்து வருகிறது என்று பிரியுங்கள்

நிறுவனம் வாரியாகவும் தொழில்நுட்பம் வாரியாகவும் தவறான உண்டுகளைப் பிரித்தால், பெரும்பாலும் ஒன்றிரண்டு இடத்தில் குவிந்திருக்கும். ‘ஏதாவது ஒரு நிறுவனமாவது கொடுக்கிறது’ என்று ஒன்றாக்கிய மேப்பில் இது மறைந்துவிடும். ஒருவர் பொய்யாகச் சொன்ன இடத்தில் இன்னொருவர் உண்மையாகக் கொடுத்தால் மேப் சரி என்றே வரும். அவர் விலகிய நாளில்தான் பள்ளம் தெரியும்.

களத்துக்குப் போகும் முன்பே மேசையில் பிடிக்கக்கூடிய பிழைகளும் உண்டு. முந்தைய வெளியீட்டோடு ஒப்பிட்டு, திடீரெனக் குதித்த எண்களைப் பாருங்கள். 2019இல் எஃப்சிசி அறிக்கையின் வரைவில் அதிவேக இணைப்பு இல்லாதவர்கள் 1.94 கோடி என்று இருந்தது. புதிதாக வந்த ஒரு நிறுவனம் 8 மாநிலங்களில் எல்லா வட்டாரத்திலும் தன் சேவை உண்டு என்று பதிந்திருந்ததை வெளியார் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, அந்த எண் 2.13 கோடியாகத் திருத்தப்பட்டது. இதைப் பிடிக்க யாரும் கம்பம் பார்க்கப் போகவில்லை, இரண்டு கோப்புகளை ஒப்பிட்டாலே போதுமானதாக இருந்தது. வடிவங்களையும் பாருங்கள். சேவை எல்லை மாவட்ட எல்லையோடு துல்லியமாக ஒட்டியிருந்தாலோ, டவரைச் சுற்றி மலையைப் பொருட்படுத்தாத முழு வட்டமாக இருந்தாலோ, அது நெட்வொர்க்கில் இருந்து வந்த கோடு அல்ல.

9. திருத்தம் கேட்பதும் மறுபடி அளப்பதும்

ஒவ்வொரு தவறுக்கும் இட எண், தேதி, நிறுவனம், காரணக் குறியீடு, ஆதாரப் படம் ஆகியவற்றை ஒரே வரிசையில் வைத்தால் ஆட்சேபம் பதிவது எளிது. வீட்டுக்காரரின் பெயரையும் போன் எண்ணையும் வெளியிடும் கோப்பில் சேர்க்காதீர்கள்.

ஆட்சேபம் பதியும் முன், கண்டுபிடித்த தவறுகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதியை முதலில் அனுப்புங்கள், மறு பாதியை அடுத்த வெளியீடு வரை வெளியிடாமல் வையுங்கள். அடுத்த மேப் வந்ததும் இரண்டையும் பாருங்கள். அனுப்பிய இடங்கள் மட்டும் திருந்தி, வைத்திருந்தவை அப்படியே இருந்தால், நிறுவனம் சொன்ன இடத்தில் மட்டும் ஒட்டுப் போட்டிருக்கிறது, கணிப்பு முறை மாறவில்லை. இரண்டும் ஒரே அளவுக்குத் திருந்தியிருந்தால் முறையே மாறியிருக்கிறது. பிறகு மறு பாதியையும் உடனே அனுப்பிவிடுங்கள், அந்த வீடுகள் அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. பழைய மாதிரியையே திரும்ப அளந்து ‘பிழை குறைந்தது’ என்று எழுதினால், அது நீங்களே திருத்தச் சொன்ன இடங்களின் எண்ணாகத்தான் இருக்கும். புதிய மேப்புக்குப் புதிதாகக் குலுக்குங்கள்.